கெலுகோர்க் கரையும் பேத்தை மீனின் கண்ணாடித் தொட்டியும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, குறுகிய கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்தைப் பார்த்தபடி அமைந்த கெலுகோர் இன்று பெரும்பாலும் இரண்டு அடையாளங்களால் அறியப்படுகிறது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தீவில் கால் ஊன்றும் இடம் அது. 1969இல் தோன்றி, 1971இல் பிரிட்டிஷ் படையினரின் மிண்டன் முகாம் இருந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிற்கும் இடமும் அதுவே. இவற்றைக் காட்டிலும் குறைவாகப் பேசப்படும் மூன்றாவது அடையாளம் ஒன்றும் அவ்வூருக்கு உண்டு. மலேசிய மீன்வளத் துறையின் ஆய்வு நிறுவனம், தீவின் தென்கிழக்கு மூலையிலுள்ள பத்து மாவுங்குக்கு மாறுவதற்கு முன், நெடுங்காலம் கெலுகோரில்தான் இயங்கியது. மலாக்கா நீரிணையின் மீன்கள், இறால்கள், சிப்பிகள் ஆகியவற்றைப் பற்றி 1970களிலும் 1980களிலும் வெளிவந்த ஆய்வுரைகளில் பல, கெலுகோர் முகவரியோடே அச்சேறின. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயரைத் தாங்கிய மீன்காட்சியகமும் அந்நிறுவனத்தை ஒட்டி அங்கேயே இருந்து, பின்னர் அதனுடன் பத்து மாவுங் சென்றது.

கடலுயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றிய அதே கரையின் சேற்றுப் பரப்பும், அலையாத்திக் காடுகளும், உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களும், உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஒரு மீனுக்கு உரிய வாழிடமாகும். தமிழக, இலங்கைக் கரைகளில் பேத்தை என்றும் மலாயில் ஈக்கான் புந்தால் என்றும் அழைக்கப்படும் மீன் குடும்பத்தில், பச்சைப் புள்ளிப் பேத்தை என்று குறிக்கத்தக்க இனம், இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரையும் வடக்கே சீனா வரையும் இத்தகைய கரைகளில் பரவியிருக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த முதுகில் கரும்புள்ளிகளும், வெண்ணிற வயிறும், தனித்தனியே சுழலும் பெரிய கண்களும் கொண்ட இம்மீனுக்கு 1822இல் மரியோன் தெ புரோசே என்ற பிரெஞ்சு மருத்துவர் அறிவியல் விவரணை எழுதினார். அவர் இட்ட நிக்ரோவிரிடிஸ் என்ற சிற்றினப் பெயர் இன்றும் நிலைத்திருக்க, டெட்ராவோடான் என்ற பேரினப் பெயர் மட்டும் அண்மைக் காலத்தில் டைகோடோமிக்டெரே என மாறியுள்ளது.

பினாங்கின் மீன்களை முறையாகப் பட்டியலிடும் பணியும் ஒரு மருத்துவராலேயே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் பினாங்கில் இருந்த தியோடர் கேண்டர் என்ற டென்மார்க்கினர், கரையிலும் சந்தையிலும் கிடைத்த மீன்களைத் திரட்டி, மலாய்ப் பெயர்களையும் சேர்த்து, மலாய் மீன்களின் பட்டியல் ஒன்றை 1849இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். பேத்தைகளும் அதில் இடம்பெற்றன. அக்கால இயற்கையியலாளர் பெரும்பாலும் இறந்த மீனையே கையாண்டனர். சாராயத்தில் ஊறிய உடலில் துடுப்புக் கதிர்களை எண்ணலாம், பற்களின் அமைப்பைக் காணலாம். ஆனால் அம்மீன் தன்னைப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும் என்பதையோ, மணலை ஊதி இரை தேடும் என்பதையோ, சலிப்புற்றால் கண்ணாடியோரம் மேலும் கீழுமாக ஓயாது நீந்தும் என்பதையோ அறிய வழியில்லை. அவ்வறிவு கிடைப்பதற்குத் தொட்டி தேவைப்பட்டது. தொட்டி மட்டும் போதாது என்பது பிறகுதான் விளங்கியது.

கண்ணாடித் தொட்டியின் முதற்பயன் ஆராய்ச்சியே. சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் வாழ்ந்த ழான் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஓடுடைய கணவாய் வகை ஒன்று தன் ஓட்டைத் தானே உருவாக்குகிறதா, வேறோர் உயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்ற வினாவுக்கு விடை காண, 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்துக் கண்காணித்து, அது தானே உருவாக்குவதை நிறுவினார். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், இரண்டு பொன்மீன்களையும் வேலம்பாசியையும் ஒரே தொட்டியில் வைத்து, அழுகும் இலைகளை உண்ண நத்தைகளையும் சேர்த்தால் நீர் நெடுநாள் கெடாமல் இருப்பதை 1850இல் அறிவித்தார். செடி வெளியிடும் உயிர்வளியை மீன் எடுத்துக்கொள்ள, மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும் என்ற இக்கருத்து சமநிலைத் தொட்டி எனப் புகழ்பெற்றது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சியகம் மீன்களுக்கென ஒரு மாளிகையைத் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் வெளியிட்ட நூல், தொட்டி வளர்ப்பை இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைக்குக் கொண்டுசென்றது.

அவ்வழக்கம் கீழை நாடுகளின் துறைமுகங்களுக்கு வந்தபோது பொதுமக்களுக்கான காட்சியாக வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் ஆசியாவின் முன்னோடிக் கடல்மீன் காட்சியகங்களுள் ஒன்றாக இருந்து, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. சிங்கப்பூரில் வான் கிளீஃப் காட்சியகம் 1955இல் திறந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற ரஜூலா போன்ற கப்பல்களில் வந்திறங்கிய தமிழர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், வலைக்குள்ளும் சந்தைத் தட்டிலும் மட்டுமே கண்ட மீனை உயிரோடு நேருக்கு நேர் நின்று காணும் வாய்ப்பை இத்தகைய கூடங்களே தந்தன. அந்த வாய்ப்பின் மதிப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் இருண்ட கூடத்தில் வரிசையாக ஒளிரும் சதுரங்களாகத் தொட்டிகளை அடுக்கிய இவ்வமைப்பு, காண்பவரின் வசதியை முன்வைத்தே திட்டமிடப்பட்டது. மீன் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் சீட்டு வாங்கி வந்தவர் அதைக் காண முடியாது. மண் கலங்கினால் கண்ணாடி மங்கும். ஆகவே வெறுமையும் தெளிவுமே நல்ல தொட்டியின் இலக்கணமாயின. வீட்டுத் தொட்டிகளும் அந்த இலக்கணத்தையே பின்பற்றின.

அதிலிருந்து விலகிய முயற்சி ஒன்று இப்பகுதியிலேயே நிகழ்ந்தது என்பதைத் தென்கிழக்காசியாவின் தொட்டி வளர்ப்போர் அடிக்கடி நினைத்துப் பெருமைப்படலாம். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், செயற்கைப் பொருள்களால் கடலைப் போலி செய்வதற்குப் பதிலாக, உயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டுகளையும் கடல் மணலையும் அப்படியே தொட்டிக்குள் வைத்து, மெல்லிய காற்றுக்குமிழ்களால் நீரை அசைத்து, கடலுயிர்களை நெடுங்காலம் வாழவைத்தார். 1961இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அம்முறையை விவரித்தார். அதன் அறிவியல் அடித்தளத்தைச் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தார். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய நஞ்சு. நுண்ணுயிர்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடியைக் காட்டிலும் இந்நுண்ணுயிர்களே தொட்டியைக் காக்கின்றன என்பதால், பாறை, மணல், வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் அவை குடியேறுவதற்குச் சில வாரங்கள் விட்டு, அதன்பின் மீனை விடுவதே முறையாயிற்று. மீனின் உயிரைக் காக்கும் வழி இவ்வாறு தெளிந்தது. உயிரோடிருக்கும் மீன் பொழுதை எவ்வாறு கழிக்கிறது என்ற கேள்வி இன்னும் எழவில்லை.

அக்கேள்வி பாலூட்டிகளிடமிருந்து தொடங்கியது. அடைபட்ட குரங்குகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வேண்டும் என்று 1925இல் ராபர்ட் யெர்க்ஸ் எழுதினார்; அடைப்பின் பரப்பளவைக் காட்டிலும் அதனுள் இருக்கும் பொருள்களின் தன்மையே முதன்மையானது என்று சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர் 1942இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்; உணவுக்காக உழைக்கும் வாய்ப்பை விலங்குக்கு மீட்டுத் தர வேண்டும் என்று ஹால் மார்க்கோவிட்ஸ் 1982ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தார். அடைபட்ட உயிர் தன் இயல்பான செயல்களைச் செய்வதற்கு இடமும் பொருளும் தூண்டுதலும் தருவதையே சூழல் செழுமை என்கின்றனர். மீன்களுக்கு இக்கருத்து காலந்தாழ்ந்தே வந்தது. டிரவுட் மீன்கள் வலியை உணர்வதற்கான சான்றுகளை 2003இல் லின் ஸ்னெடனும் உடனாய்வாளர்களும் முன்வைத்தனர். வெற்றுத் தொட்டியில் வளர்ந்த மீன்குஞ்சுகளைக் காட்டிலும், தரையில் சில கற்கள் மட்டும் இடப்பட்ட தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளின் சிறுமூளை பெரிதாயிருந்தது என 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சில கற்களால் மூளையின் வளர்ச்சியே மாறும் என்றால், வெறுமையான தொட்டியை இனி எளிய அலங்காரக் குறையாக எண்ண இயலாது.

இக்கருத்து வேறெந்த மீனைவிடவும் பேத்தைக்கு மிகப் பொருந்துவதற்கு அதன் உடலே காரணம். மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பல்தகடுகள் ஒன்றிணைந்து கிளி அலகைப் போன்ற வாயாக அமைந்துள்ளன. அவை வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. நத்தை, சிப்பி, நண்டு ஆகியவற்றின் ஓட்டை உடைக்கும்போது அவை தேய்கின்றன. மென்மையான உறைந்த புழுக்களை மட்டும் உண்ணும் மீனில் தேயாமல் நீண்டு, வாய் திறக்க முடியாத நிலையை அடைந்து, உணவு முன்னே கிடக்கையிலேயே மீன் பட்டினியால் இறக்க நேரும். அத்தகைய மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கிப் பல்லை வெட்டுவது மீன் மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டது. டேவிட் பிரவுன் போன்ற தோட்டக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெலுகோரில் வாசனைப் பயிர்களை வளர்த்த காலத்தில் கிராம்பு பினாங்கின் பெரும் நம்பிக்கைகளுள் ஒன்றாக இருந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம். ஆனால் ஓடுள்ள இரையைத் தொடக்கம் முதலே கொடுப்பவருக்கு அந்த எண்ணெய் பெரும்பாலும் தேவைப்படாது. பினாங்கில் அதற்குப் பஞ்சமும் இல்லை: மலாயில் கெராங் எனப்படும் இரத்தச் சிப்பியைப் பெருநிலக் கரையின் சேற்றுப் படுகைகளிலிருந்து எடுத்து வந்து, எல்லாச் சந்தைகளிலும் ஓட்டோடு குவித்து விற்கின்றனர். தனித் தொட்டியில் பெருக்கிய சிறு நத்தைகளை உயிரோடு விடுவது இன்னும் சிறந்தது. அவற்றைக் கண்டு, பின்தொடர்ந்து, கோணம் பார்த்துக் கடிப்பதில் அம்மீனின் ஒரு பகல் முழுமையாகக் கழியும்.

பேத்தையின் மற்றோர் இயல்பு உலகறிந்தது. அச்சுறுத்தப்பட்டால் நீரை விழுங்கி, விரியத்தக்க வயிற்றை நிரப்பி, உருண்டையாகிவிடும். விலா எலும்புகள் இல்லாததால் இது இயல்கிறது. இது விளையாட்டன்று, உயிருக்கு அஞ்சிச் செய்யும் செயல். வலையால் நீருக்கு மேல் தூக்கினால் நீருக்குப் பதிலாகக் காற்றை உட்கொண்டு, அதை வெளியேற்ற முடியாமல் துன்புறலாம் என்பதால், இம்மீனைக் குவளையில் நீரோடு சேர்த்தே இடம் மாற்ற வேண்டும். உப்புகிறதா என்று பார்ப்பதற்காக மீனைச் சீண்டும் வழக்கத்தைக் கொடுமை என்றே சொல்லவேண்டும்.

மூன்றாவது இயல்பு நஞ்சு. 1909இல் யோஷிசுமி தஹாரா பெயரிட்ட டெட்ரோடோடாக்சின், நரம்புகளில் சோடியம் அயனிகள் செல்லும் வழிகளை அடைத்துத் தசைகளையும் மூச்சையும் நிறுத்துவது. அதற்கு மாற்றுமருந்து இல்லை. மலேசியாவில் பேத்தையை உணவாக விற்பதற்குத் தடை உண்டு. ஆயினும் 2023இல் ஜோகூரில் அதை உண்ட முதிய இணையர் உயிரிழந்தனர். நஞ்சை மீன் தானே ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களில் தோன்றி இரையின் வழியே உடலில் சேர்கிறது என்பதும், நஞ்சற்ற தீவனத்தில் வளர்க்கப்பட்ட ஜப்பானியப் பேத்தைகளில் நஞ்சு ஏறக்குறைய இல்லாமற்போகிறது என்பதும் ஆய்வுகள் கண்ட முடிவு. கரையின் சேற்றிலுள்ள நுண்ணுயிர் வரை நீளும் உணவுத் தொடர் அறுபட்டால் மீனின் உடலே மாறிவிடுகிறது. இவ்வளவு நெருக்கமாகத் தன் சூழலோடு பிணைந்த உயிரை நான்கு கண்ணாடிகளுக்குள் கொண்டுவருபவருக்கு, அச்சூழலில் எதைத் தொட்டிக்குள் மீட்டுத் தர முடியும் என்று எண்ணிப்பார்க்கும் கடமை உண்டு.

அந்த மீட்பு உப்பிலிருந்து தொடங்குகிறது. பச்சைப் புள்ளிப் பேத்தையின் குஞ்சுகள் நன்னீருக்கு அருகிலும், வளர்ந்தவை உப்பு மிகுந்த நீரிலும் வாழ்வதால், குளோரின் நீக்கிய குழாய்நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.005 அளவில் தொடங்கி, மாதங்கள் செல்லச் செல்ல உயர்த்துவது அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறை. பினாங்கின் வெப்பநிலையில் சூடேற்றும் கருவிக்கு வேலையில்லை. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஒற்றை மீனுக்கு 100 லிட்டருக்குக் குறைந்த தொட்டி நெருக்கடியே. துடுப்புகளைக் கடித்துத் துண்டாக்கும் இயல்பினால் பிற மீன்களைத் துணையாகச் சேர்ப்பதும் பொருந்தாது. தரையில் மெல்லிய மணல் வேண்டும். ஜப்பானின் அமாமி ஓஷிமா தீவருகே முக்குளிப்போர் 1995 முதல் கண்டு வியந்த, ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள மணல் வட்டக்கோலங்களை, ஒரு சிறு ஆண் பேத்தை ஏழு முதல் ஒன்பது நாள்கள் துடுப்பால் மணலை உழுது, பெண்ணை ஈர்ப்பதற்காக அமைக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு விளக்கியது. அடுத்த ஆண்டு அம்மீன் புதிய இனமாகப் பெயர் பெற்றது. கெலுகோரின் பேத்தை கோலமிடுவதில்லை; ஆயினும் மணலை வாயால் ஊதிக் கிளறுவதும், அதில் வயிற்றைப் பதித்து ஓய்வதும் இக்குடும்பத்துக்கே உரிய பழக்கம் என்பதால், கூரிய சரளைக் கற்களும் வெற்றுக் கண்ணாடித் தரையும் அதற்கு ஏற்றவையல்ல.

மணலுக்கு மேலே, அலையாத்தி வேர்களின் பின்னலை ஒத்த மரவேர்களும், இடையிடையே நுழைந்து வெளியேறத்தக்க பாறை அடுக்குகளும் இருந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதவாறு பார்வை தடைபடும்; மீனுக்கு ஒவ்வொரு வளைவும் ஆராய வேண்டிய இடமாகும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஓரிரு வேர்களை மட்டும் இடம் மாற்றினால் அந்த ஆராய்ச்சி புதுப்பிக்கப்படும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைத்தால் மீன் அஞ்சும். இரையைக் குறித்த நேரத்தில் ஒரே மூலையில் போடாமல், சிப்பியைப் பாறையிடுக்கில் செருகியும், நத்தையை வேரில் ஒட்டவிட்டும், தேடிப் பெறும்படி செய்வதே உணவளிப்பின் செம்மையான முறை. கண்ணாடியோரம் இடைவிடாமல் மேலும் கீழும் நீந்தும் வழக்கம் இத்தகைய தொட்டிகளில் குறைவதை வளர்ப்போர் பலர் கண்டுள்ளனர். நீர் கெட்டிருந்தாலும் அவ்வழக்கம் தோன்றும் என்பதால், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பார்த்த பின்னரே சலிப்பைக் காரணமாகக் கொள்ள வேண்டும்.

சிட்னி பிரென்னரின் முன்முயற்சியோடு ஜப்பானியப் பேத்தையின் மரபுத்தொகுதி 2002இலும், அதனைத் தொடர்ந்து பச்சைப் புள்ளிப் பேத்தையின் மரபுத்தொகுதி 2004இலும் வெளியிடப்பட்டன. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே நீளமுள்ளதாதலால் இச்சிறு மீன் உலக ஆய்வகங்களின் கவனத்தைப் பெற்றது. ஆனால் வணிகத்தில் அதன் நிலை உயரவில்லை. வளர்ப்புப் பண்ணைகளில் பெருமளவில் இனப்பெருக்கம் செய்யப்படாத இம்மீன், கழிமுகங்களில் பிடிக்கப்பட்டு, உப்புத் தேவை பற்றிய குறிப்பு ஏதுமின்றி, நன்னீர் நிரம்பிய பைகளில் குஞ்சுப் பருவத்திலேயே விற்கப்படுவது இன்றும் தொடர்கிறது. நன்னீரிலேயே வாழும் பேத்தையை விரும்புவோர்க்குக் கேரள ஆறுகளின் சிறு பேத்தை உண்டு. 1941இல் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் விவரித்த, ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அளவே வளரும் அந்த இனம் செடிகள் அடர்ந்த வீட்டுத் தொட்டியிலேயே முட்டையிடக்கூடியது. ஆயினும் இயற்கையில் அது அழியத்தக்க நிலையில் இருப்பதாக உலகப் பாதுகாப்புப் பட்டியல் குறிப்பதால், வீட்டில் பிறந்த குஞ்சுகளைத் தேடி வாங்குவதே முறையாகும்.

கெலுகோரின் கரையும் பழைய கரையாக இல்லை. கடலை நிரப்பி நிலமாக்கியதும், கரையோரமாக விரைவுச்சாலை அமைத்ததும், அலையாத்தியும் சேற்றுப்பரப்பும் இருந்த விளிம்பைக் கல்லடுக்குகளாக மாற்றின. பாலத்துக்கு வடக்கே தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள மிடில் பேங்க் திட்டில் மட்டும், நீர் வற்றும் வேளையில் கடற்புல் வெளிகள் இன்னும் தெரிகின்றன. அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர்கள் அங்குள்ள புல்லையும் அதில் வாழும் உயிர்களையும் பதிவுசெய்து, அத்திட்டைக் காப்பிடமாக்க வேண்டும் என்று வலியுறுத்தி வருகின்றனர். பேத்தைக்குத் தொட்டி அமைக்க முனையும் கெலுகோர்வாசி ஒருவர் மணலின் தன்மையையும், வேர்களின் அடர்த்தியையும், ஓட்டுயிர்களின் வகையையும் நூலில் தேடுவதற்கு முன், நீர் வற்றும் நேரம் பார்த்துப் படகில் அத்திட்டுக்குச் சென்று வரலாம்.